நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்

யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த கூத்து முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

மேடையின் நடுவில், சிம்மாசனத்துக்குத் தம்பி முறை ஆகும் ஒரு மெத்தை நாற்காலியில், பேராசான். உடம்பில் வெள்ளை ஜிப்பா, உதட்டில் அரைப் புன்னகை. இரண்டும் இஸ்திரி போட்டவை. அவருக்கு வலப்பக்கம் மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா. அவர் மடியில் ஓர் ஒப்பந்தம், கையில் மூடி கழற்றிய பேனா. இடப்பக்கம் ஒரு சிறு மேஜை. மேஜைமேல் நாதப்பேழை. அதாவது, மேல்பக்கம் பச்சை விளக்கு வைத்த ஒரு மரப்பெட்டி. மேஜைக்குப் பின்னால், புல்லாங்குழலும் கையுமாக, ஆறு வாரப் பயிற்சியில் முதலாவதாகத் தேறிய கடிகாரக்காரர். அவருக்கு நேர் எதிரே, பெட்டியைப் பார்த்தபடி போட்ட நாற்காலியில், அவருடைய மனைவி. இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பட்டை. பட்டையின் முதுகுப்பக்கத்தில் செருகிய ஒரு வயர், தரையோடு ஓடி, பெட்டியின் பின்பக்கத்துக்குள் நுழைந்திருந்தது.

கீழே, முதல் இரண்டு வரிசையில் இந்த முறை தேறிய அறுபது நாத வைத்தியர்கள், அவரவர் வாத்தியத்தோடும் பேழையோடும். அவர்களுக்குப் பின்னால் நோயாளிகள். சர்க்கரை ஜன்னல் பக்கம், மூட்டுவலி கதவுப் பக்கம், இரத்த அழுத்தம் நடுவில். எந்த வியாதியும் இல்லாதவர்கள் இடம் கிடைக்காமல் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் சிலர், உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காகவே தமக்கும் இலேசாக மூட்டு வலிப்பதாக உணரத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில், ஓரத்தில், மேடையில் இருந்தவளின் தங்கை. அந்த மருத்துவமனையிலேயே காது பரிசோதிக்கும் அறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை. நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பீப்பக்கா. வீட்டில் அக்கா பெரியவள், இவள் சின்னவள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் ஓர் ஐஸ் பொட்டலத்தோடு இருந்தது, இரண்டு நாளாகப் பெரியவள் போட்டுக்கொள்ளாத இன்சுலின்.

இந்தப் பயிற்சியின் பெருமையை ஊரே அறியும். துண்டுப் பிரசுரம் ஒட்டாத சுவர் இல்லை. ‘நோயாளிக்கு வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறே வாரத்தில் நாத வைத்தியர் ஆகலாம். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் மறந்துவிட்டு வரவும்.’ கடைசி வரியைப் படித்தபிறகுதான் கூட்டம் அலைமோதியது. தெரியாமல் இருப்பதே தகுதி என்றால் யார்தான் பின்தங்குவார்கள்?

தத்துவம் எளிமையானது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஸ்வரம். கல்லீரலுக்கு ரி, சிறுநீரகத்துக்கு க, கணையத்துக்கு ம. உறுப்பு சுருதி விலகினால் வியாதி. சேர்ந்தால் சுகம். ஆனால் உறுப்புகளுக்குக் காது இல்லை. அதனால்தான் பேழை. வைத்தியர் வாசிப்பதைப் பேழை வாங்கி, மனிதக் காதுக்குக் கேட்காத நாதமாக மாற்றி, வயர் வழியே உறுப்புக்கு அனுப்பும். அனுப்பும்போது பச்சை விளக்கு எரியும். உறுப்பு அதைக் கேட்டுக்கொண்டால் நோயாளியின் சுட்டுவிரல் தானாக எழும்பும். நூறு முறை எழும்பினால் உறுப்பு சுருதி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மருந்து எதற்கு?

“சுருதி சேர்ந்த வீணைக்கு யாராவது மாத்திரை கொடுப்பாங்களா?” என்று பேராசான் கேட்பார். கூட்டம் கைதட்டும். அந்தக் கூட்டத்தில் வீணைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆகவே மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை பேராசான் மசாஜ் நாற்காலி விற்றுக்கொண்டிருந்தவர். அப்போதும் இதே ஜிப்பா, இதே புன்னகை. நாற்காலி கனம், ஊர் ஊராகத் தூக்கிப் போக முடியவில்லை. நாதத்துக்குக் கனம் இல்லை.

சின்னவள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் முந்தின நாள் அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போனபோது, அவள் வந்து உட்கார்வதற்குள் அக்கா மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டாள். நாலாவதுக்குச் செம்பைச் சாய்த்தபோது சின்னவள் கேட்டாள்.

“ஊசி போட்டியாக்கா?”

“போடல. விழா முடியற வரைக்கும் போடக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்கார். வெளி மருந்து உள்ள இருந்தா கணையம் கூச்சப்படுமாம்.”

“கூச்சப்படறதுக்கு அது என்ன புது மாப்பிள்ளையா?”

“உனக்கு எல்லாமே கிண்டல்தான்டி.” அக்கா செம்பை ‘ணங்’கென்று வைத்தாள். “நாலு வருஷமா தினம் ரெண்டு வேளை குத்திக்கிறவ நான். வயிறு பூரா சல்லடை. நீ ஒரு நாள் குத்திக்கிட்டுப் பாரு. அப்புறம் வந்து கிண்டல் பண்ணு.”

அக்கா பேராசானை நம்பியதைவிட ஊசியை வெறுத்தது அதிகம் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏமாற்றுகிறவன் நுழைய இந்த அளவு சந்து போதும்.

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து புல்லாங்குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாரும்மா, நான் யார் சொல்றதையும் நம்பற ஆளு இல்ல. கண்ணால பார்த்தேன். நான் வாசிக்கிறேன், விளக்கு எரியுது, உங்க அக்கா விரல் எழும்புது. தொண்ணூறு ஆயிடுச்சு. நாளைக்கு மேடையில மிச்சம் பத்து. இதுல ஏமாத்து எங்கிருந்து வரும்?”

“பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா அத்தான்?”

“அய்யய்யோ! முதல் நாளே சத்தியம் வாங்கிட்டாங்க. திறந்தா நாதம் கசிஞ்சிடும்.”

முப்பது வருடமாகக் கடிகாரக் கடை வைத்திருப்பவர் அத்தான். கைக்கு வந்த எதையும் திறக்காமல் விட்டதில்லை. கடிகாரம் மட்டுமா? வீட்டு மின்விசிறி, பக்கத்து வீட்டு ரேடியோ, ஒரு தடவை மாமனாரின் பல்செட். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் திருப்புளி வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஆறு வாரமாக ஒரு மரப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, நாலே நாலு திருகாணியைப் பார்த்துக்கொண்டு, கை அரிக்காமல் இருந்திருக்கிறார். பேராசான் செய்த ஒரே நிஜமான அற்புதம் அதுதான்.

“சரி. வாசிக்கறப்போ அக்கா எங்க உட்காருவா?”

“எனக்கு எதிர்ல. பெட்டியைப் பார்த்த மாதிரி. எதுக்குக் கேக்குற?”

காது பரிசோதிக்கும் அறை சின்னவளின் கண்முன் வந்து நின்றது.

காது பரிசோதனை என்பது இதுதான்: நோயாளி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். ‘பீப்’ என்று சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் தெரிந்துகொண்ட பாடம், நோயாளியின் நாற்காலியைச் சுவர் பார்த்துத் திருப்பிப் போடுவது. திருப்பாவிட்டால் பொத்தானை அழுத்தும்போது அவளுடைய தோள் அசைவதைப் பார்த்தே விரல் எழும்பிவிடும். சும்மா தோளைக் குலுக்கினாலும் எழும்பும். ஒருமுறை ஒரு பெரியவர், மின்சாரமே இல்லாமல் இயந்திரம் செத்துக் கிடந்தபோது, பதினொரு பீப் கேட்டார். “கணீர்னு கேக்குதும்மா” என்று வேறு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நல்ல காது வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

இதைச் சின்னவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா கேட்ட விதமே சரியில்லை.

“அப்ப நான் நடிக்கிறேன்ங்கிற.”

“அப்படி இல்லக்கா...”

“பின்ன எப்படி? இங்க பாரு. நாளைக்கு நீ வா. முன்னாடி உட்கார்ந்து பாரு. என் விரல் எழும்பலைன்னா, உன் கையாலேயே ஊசி போடு, வாய் திறக்காம போட்டுக்கிறேன். எழும்புச்சுன்னா, இந்த வீட்டுல இனிமே ஊசிங்கிற பேச்சே எடுக்கக்கூடாது. சம்மதமா?”

சம்மதம் சொல்லிவிட்டுத்தான் சின்னவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விழா தொடங்கியது. பேராசான் அரை மணி நேரம் பேசினார். பிரபஞ்சம் அதிர்கிறது என்றார். அணு அதிர்கிறது என்றார். அந்த இடத்தில் ஒலிபெருக்கியும் சேர்ந்து அதிர்ந்தது, அதற்கும் கைதட்டல். பிறகு அத்தான் குழலை உதட்டில் வைத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் நன்றாகவே வாசித்தார். ஆறு வாரத்தில் யாரும் அப்படி வாசித்துவிட முடியாது. அவர் சின்ன வயதில் கற்றுக்கொண்டு, கடை வந்ததும் பரணில் போட்டது அது. மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் தூசி தட்டி எடுத்திருந்தார். அந்த வாசிப்பில் மண்டபத்தின் இருமல்கூட அடங்கியது.

பச்சை விளக்கு எரிந்தது. பெரியவளின் விரல் எழும்பியது. விளக்கு. விரல். விளக்கு. விரல். மேடையோரம் ஒரு பயிற்சிக்காரர் உரக்க எண்ணினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் ‘விடையை எப்படிக் கண்டுபிடித்தாய், வழியைக் காட்டு’ என்று கேட்டுக் காதைத் திருகியவர், ஆறு வாரமாக வழியைக் கேட்காமலே விடையை வாங்கிக்கொண்டிருந்தார்.

“தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... நூறு!”

மண்டபம் எழுந்து நின்றது. பெரியவள் மேடையிலிருந்து தங்கையைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாள். ‘இப்ப என்ன சொல்ற?’ பேராசான் கையை உயர்த்தினார்.

“இன்னையிலேர்ந்து இந்தத் தாய்க்கு ஊசி கிடையாது! நாளையிலேர்ந்து நம்ம அறுபது வைத்தியர்களும் இந்த மருத்துவமனையோட எல்லா வார்டுலயும் வாசிப்பாங்க! அம்மா கையெழுத்துப் போட்டதும்...” என்று டாக்டரம்மாவின் பக்கம் பார்த்துக் குனிந்தார். “அதுக்கு முன்னாடி, யாருக்காவது சந்தேகம் இருந்தா தாராளமா கேக்கலாம்.”

பதினேழு ஊரில் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். பதினேழு ஊரிலும் யாரும் கேட்டதில்லை. நிமிர்ந்தபோது, மூன்றாவது வரிசையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டு சந்தேகம் ஐயா. நான் இங்க காது டெஸ்ட் எடுக்கிறவ. காதுக்கு எந்த ஸ்வரம்?”

பேராசான் வாயைத் திறந்தார். ஈரல், நுரையீரல், மண்ணீரல் எல்லாவற்றுக்கும் ஸ்வரம் பங்கிட்டுக் கொடுத்த கை, காதை மறந்துவிட்டிருந்தது.

“அது... உயர்நிலைப் பயிற்சியில வரும்மா.”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சரிங்கய்யா. ரெண்டாவது சந்தேகம்கூட இல்ல, ஒரு சின்ன ஆசை. இன்னும் ஒரு பத்து தடவை பார்க்கணும். அக்கா நாற்காலியை மட்டும் அந்தப் பக்கம், மேடைத் திரையைப் பார்த்துத் திருப்பிப் போட்டு.”

“அது முறை இல்ல. கணையம் பேழையைப் பார்த்த மாதிரிதான் இருக்கணும்.”

“கணையத்துக்குக் கண்ணு எப்ப வந்துச்சுய்யா? காது இல்லைன்னுதானே பெட்டியே வந்துச்சு?”

இந்தத் தடவை சிரித்தவர்கள் இருமவில்லை. பேராசானின் புன்னகையில் முதல் கசங்கல் விழுந்தது. “சந்தேகப்படுற இடத்துல நாதம் தங்காது” என்று ஆரம்பித்தார். அவரை முடிக்கவிடாமல் குறுக்கே வந்தது பெரியவளின் குரல்தான்.

“திருப்புங்கய்யா, நல்லாத் திருப்புங்க! அவ பார்க்கட்டும். பார்த்துட்டாவது திருந்தட்டும்!”

நோயாளியே கேட்ட பிறகு என்ன செய்ய? நாற்காலி திரும்பியது. பெரியவள் இப்போது திரையைப் பார்த்து, பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வயர் அப்படியே இருந்தது. பட்டை அப்படியே இருந்தது. டாக்டரம்மா ஒப்பந்தத்தைப் புரட்டி, அதன் வெற்றுப் பின்பக்கத்தையும் பேனாவையும் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினார்.

“சார், விளக்கு எரியறப்போ ஒரு கோடு. விரல் எழும்பறப்போ அதுக்குக் கீழ ஒரு கோடு. நீங்களே போடுங்க.”

அத்தான் வாசித்தார். விளக்கு எரிந்தது. விரல் மடியில் கிடந்தது. விளக்கு மறுபடி எரிந்தது. விரல் அசையவில்லை. அத்தான் மூச்சை இழுத்துக்கொண்டு ஓர் உச்சத்துக்குப் போனார். விரல் ‘டக்’கென்று எழும்பியது. விளக்கு எரியவில்லை. பிறகு விரல் ஒன்று, விளக்கு ஒன்று, ஒன்றை ஒன்று பார்க்காமல், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைப் போல அதனதன் பாட்டுக்கு நடந்தன. இதை எட்டி எட்டிப் பார்த்தபடியே வாசித்தார் அத்தான். அவருடைய குழல் ஓரிடத்தில் இடறியது. பிறகு சமாளித்துக்கொண்டது.

“விளக்கு பத்து. விரல் ஏழு.” வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டும் சேர்ந்தது... ஒண்ணு.”

மண்டபத்தில் முணுமுணுப்பு. பேராசான் பாய்ந்து எழுந்தார்.

“பார்த்தீங்களா? நான் சொல்லல? திருப்பினதும் நாதம் அறுந்துபோச்சு! பழையபடி உட்கார வைங்க, வயர் வழியா எப்படிப் பாயுதுன்னு பாருங்க!”

“அதையும் பார்த்துடலாமே” என்றாள் சின்னவள். மேடைக்குப் போய், அக்காவின் நாற்காலியைத் தானே பழையபடி பெட்டியைப் பார்க்கத் திருப்பினாள். அப்புறம் டாக்டரம்மாவிடம் காதோடு ஏதோ சொன்னாள்.

டாக்டரம்மா எழுந்து, பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். குனிந்தார். பட்டையின் முதுகுப்பக்கம் செருகியிருந்த வயரைச் சத்தமில்லாமல் உருவினார். உருவியதைத் தலைக்கு மேலே உயர்த்தி மண்டபம் முழுவதற்கும் காட்டினார். இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தார்.

பேராசான் வாயைத் திறந்தார்.

“பேசாதீங்க சார்” என்றார் டாக்டரம்மா. “டெஸ்ட் நடக்குது.”

எதிரே உட்கார்ந்திருந்த அத்தானுக்கு எல்லாம் தெரிந்தது. வயர் டாக்டரம்மா கையில் ஆடுகிறது. மனைவி எதுவும் தெரியாமல், கண்ணில் அத்தனை நம்பிக்கையோடு, பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் குழலை எடுத்தார். வாசித்தார்.

விளக்கு. விரல். விளக்கு. விரல். ஒன்றுகூடத் தப்பவில்லை. வாத்தியார் இந்த முறை எண்ணவில்லை. கோடு மட்டும் போட்டார். பத்துக்குப் பத்து.

யாரும் கைதட்டாததைப் பெரியவள் கவனிக்கவில்லை. “பார்த்தியாடி?” என்றாள் தங்கையிடம், முகமெல்லாம் மலர்ந்து. “பத்தும் எழும்புச்சு.”

சின்னவளின் பார்வை போன இடத்தைப் பெரியவளும் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மாவின் கை. கையில் வயர். வயரின் நுனியில் எதுவும் இல்லை.

மலர்ந்த முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

“நான்... நடிக்கலடி.”

“தெரியும்க்கா. என் ரூமுக்கு வர்றவங்களும் நடிக்கிறதில்ல. நல்லாயிடணும்னு ரொம்ப ஆசைப்படுறவங்க விரல்தான் முதல்ல எழும்பும்.”

அப்போதுதான் அத்தான் புல்லாங்குழலைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

“வேணாம்! சத்தியம் பண்ணியிருக்கே!” என்று பேராசான் கத்தினார்.

“ஆமாங்க. திறந்தா நாதம் கசியும்னீங்க. எவ்வளவு கசியுதுன்னு அளந்துடறேன்.”

நாலு திருகாணி. முப்பது வருடக் கை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூடியைத் தூக்கினார். உள்ளே, குழந்தைப் பொம்மையிலிருந்து பிடுங்கிய விட்டுவிட்டு எரியும் விளக்கு ஒன்று. அதற்கு ஒரு பாட்டரி. கனமாக இருப்பதற்காகப் பழைய செய்தித்தாளில் சுற்றிய கூழாங்கல் ஒன்று. கணையத்துக்குச் செய்தி கொண்டுபோன வயர், பெட்டிக்குள் நுழைந்ததும் ஒரு முடிச்சு. முடிச்சோடு சரி. விளக்குக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

அத்தான் கூழாங்கல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “ஆறு வாரமா நான் இதுக்குத்தான் வாசிச்சிருக்கேன்” என்றார். “நல்லாத்தான் கேட்டிருக்கு. ஒரு தடவைகூட இருமல.”

மண்டபம் அதிரச் சிரித்தது. பிரபஞ்சம் அதிர்கிறது என்று சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

சின்னவள் சிரிக்கும் நிலையில் இல்லை. கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தாள். “கையைக் கொடுக்கா.” பெரியவள் நீட்டினாள். அதே சுட்டுவிரல். ஊசி முனை பட்டதும் ஒரு சொட்டு இரத்தம். நூற்றுப் பதினேழு முறை எழும்பி எதையோ சொல்லிவந்த விரல், வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உண்மையைச் சொன்னது. நானூற்றுப் பன்னிரண்டு.

டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்தார். ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்தார். கிழிப்பதற்கு முன் பின்பக்கத்தில் வாத்தியார் போட்ட கோடுகள் சேதமாகாமல் பார்த்துக்கொண்டார். “வார்டுக்கு வண்டி கொண்டுவாங்க!” என்று கதவுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், மனிதர்களை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மூட்டுவலிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து சண்டைக்கு வந்தாள். “அப்ப எனக்கு முட்டிவலி குறைஞ்சது பொய்யா?”

“நிஜம்தாம்மா” என்றார் டாக்டரம்மா. “இந்த வகுப்புக்கு எப்படி வந்தீங்க?”

“நடந்துதான்.”

“ஆறு வாரம், தினம் போக வர ரெண்டு மைல். அதைத்தான் நாங்க மூணு வருஷமா உங்ககிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தோம்.”

இரண்டாவது வரிசையில் ஒரு நாத வைத்தியர் தன்னுடைய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “அந்தப் பெட்டி பழுதுங்க. என்னோடது நல்லா வேலை செய்யுது.” அத்தான் திருப்புளியோடு அவர் பக்கம் ஓர் அடி வைத்தார். வைத்தியர் மூன்று அடி பின்வாங்கினார். நம்பிக்கையின் பலம் அவ்வளவுதான். நாலு திருகாணி தாங்காது.

பேராசான்? “அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாச்சு” என்று பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார். மெத்தை நாற்காலியை விட்டுவிட்டுப் போனார். அதன் கைப்பிடிக்கு அடியில் ‘மசாஜ், மூன்று வேகம்’ என்று எழுதியிருந்தது. அவரோடு வண்டி வரை ஓடியவர்கள் எட்டுப் பேர். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து மற்றவர்கள் வழிவிட்டார்கள். கடைசிப் பாடம் நடத்தாமலே போகிறாரே என்று கேட்கத்தான் ஓடினார்களாம்.

மறுநாள் காலை பெரியவளின் சர்க்கரை இருநூற்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சின்னவள் இன்சுலினை எடுத்தபோது, சொன்ன சொல்படி வாய் திறக்காமல் வயிற்றைக் காட்டினாள். போட்டு முடித்ததும்தான் திறந்தாள்.

“வலிக்குதுடி.”

“வலிக்கும்க்கா.”

இதுவரை யாரும் அவளிடம் அப்படி ஒத்துக்கொண்டதில்லை. டாக்டர்கள் “எறும்பு கடி” என்பார்கள். பேராசான் “இனிமே கிடையாது” என்றார். வலிக்கும் என்று ஒருத்தி சொன்னதும் ஏனோ கொஞ்சம் குறைவாக வலித்தது போலிருந்தது.

அத்தான் கட்டிலோரம் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டி இல்லை, பட்டை இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள், இரண்டு நாளாகச் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தவள், எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இது எந்த வியாதிக்குங்க?”

“எந்த வியாதிக்கும் இல்லம்மா. சும்மா கேக்கறதுக்கு.”

“அப்படின்னா இன்னொண்ணு வாசிங்க” என்றாள் அவள். வாசித்து முடிவதற்குள் கஞ்சிக் கிண்ணம் பாதி காலியாகியிருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். இசைமேல் யாருக்கு என்ன பகை? அதன் பேரைச் சொல்லி மருந்தைப் பிடுங்குகிறவனோடுதான் பகை.

வாசலில் புதிதாக ஒட்டியிருந்த பிரசுரத்தைக் காலையில் வரும்போதே சின்னவள் கிழித்து எடுத்துவந்திருந்தாள். அடுத்த ஊர் மருத்துவமனையில், வரும் வாரமே, பேராசானின் பத்தொன்பதாவது பயிற்சி. மேம்படுத்தப்பட்ட பேழையாம். இப்போது விளக்கு நீல நிறம்.

மருந்து வைக்கும் சின்ன மேஜையில் ஒரு தாளை வைத்து அவள் எழுதத் தொடங்கினாள். அந்த ஊர் மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கு. தேதி, இடம், நேரம். யார் யார் இருந்தார்கள். மேடையில் யார், கீழே யார். வாத்தியார் போட்ட கோடுகளின் நகல், அதன்கீழே வாத்தியாரின் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே அவர் தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘வழியைக் கேட்காதது என் தவறு.’

பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

“நான் எங்க உட்கார்ந்திருந்தேன்னு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“எந்தப் பக்கம் பார்த்துன்னு?”

“எழுதிட்டேன்க்கா.”

“அப்ப கடைசி வரி நான் எழுதறேன். பேனாவைக் கொடு.” பட்டவள் எழுதினால்தான் நம்புவார்கள் என்றாள். சொட்டு மருந்து ஏறாத கையால், மெதுவாக, எழுதினாள்:

‘ஐயா, அவரோடு வாதாட வேண்டாம், வாதத்தில் அவர் ஜெயித்துவிடுவார். நோயாளியின் நாற்காலியை மட்டும் திருப்பிப் போடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் இரண்டு முறை திருப்பிப் போடுங்கள். நான் நூறு முறை விரலைத் தூக்கினேன். ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.’

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்கள். அத்தான் பசை தடவினார். பெரியவள் சுட்டுவிரலால் அந்த ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தாள். அந்த விரலை அசைக்க எந்த விளக்கும் எரியவில்லை.

காலைத் தபால் எடுக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சின்னவள் கடிதத்தோடு படியிறங்கினாள்.